அணை உடைகிற வீடியோவும் அந்நியக் கையும்

கேள்வி: ஐயா, குமுளியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் கம்பம் பக்கம். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர்கள், கடைக்காரர்கள், ஏலக்காய் வியாபாரிகள் என்று தமிழும் மலையாளமுமாகக் கலந்திருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் அட்மின். போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, முல்லைப்பெரியாறு இடிகிறது என்று மலையாளக் குரலோடு ஒரு வீடியோ வந்தது. விடிவதற்குள், குமுளியில் தமிழ்நாட்டு வண்டிகளை மறித்து அடிக்கிறார்கள் என்று போட்டோவோடு தமிழில் ஒரு செய்தி. பதற்றத்தில் நானும் அந்த வீடியோவை இரண்டு பேருக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில் கம்பத்திலிருந்து பாதி ஜீப் மேலே ஏறவில்லை. காய் எடுக்க வரும் பெண்களுக்கு ஒரு நாள் கூலி போச்சு. இருபது வருஷமாகப் பக்கத்துக் கடை வைத்திருக்கும் மலையாளி அச்சாயன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோவையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் அக்கா மகன், "இது வெளிநாட்டுக்காரன் வேலை மாமா, அமெரிக்காவுல தேர்தலையே மாத்தினவனுங்க" என்கிறான். நிஜமா? எங்கள் மலையில் வெளிநாட்டுக்காரனுக்கு என்ன வேலை? குழுவைக் கலைத்துவிடலாமா? அட்மின் என்று என்னைப் பிடிப்பார்களா? (பெயர் வேண்டாம், குமுளி)

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். அது மனதை அரித்துக்கொண்டிருந்தால் மற்றது எதுவும் காதில் ஏறாது. குழுவில் ஒருவர் போட்ட பதிவுக்காக, அட்மின் என்ற ஒரே காரணத்தை வைத்து உங்கள் மேல் குற்றம் சுமத்த முடியாது. கேரள உயர்நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதற்கு முந்தைய வருஷமே பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் கிளையும் நம் மதுரைக் கிளையும் இதே பக்கம்தான் நின்றன. ஆளைச் சேர்க்கலாம், நீக்கலாம், ஆனால் ஒருவர் என்ன போடப்போகிறார் என்பதை முன்கூட்டியே பார்த்துத் தணிக்கை செய்கிற பிடி அட்மினுக்கு இல்லை என்பதுதான் விஷயம்.

ஆனால் நீங்களே இரண்டு பேருக்கு அனுப்பினீர்களே, அது வேறு கணக்கு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 353ஆம் பிரிவு, பீதியையோ பகையையோ கிளப்பும் பொய்த் தகவலைப் பரப்புவதைக் குற்றம் என்கிறது. மூன்று வருஷம் வரை சிறை போடலாம். உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, கெட்ட எண்ணம் இல்லாமல் அனுப்பியிருந்தால் அதே பிரிவில் விலக்கும் உண்டு. ஆகவே பதறாதீர்கள். அந்த இரண்டு பேருக்கும் இன்றைக்கே ஒரு வரி போட்டுவிடுங்கள்: "அன்று அனுப்பிய வீடியோ பொய், விசாரிக்காமல் அனுப்பிவிட்டேன்." அவ்வளவு போதும்.

சரி, வீடியோ. நீங்கள் அனுப்பியதை முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். தகவல் சரிபார்க்கும் இந்த வேலையில் இருப்பவர்கள் பலரும் அப்படித்தான் செய்வோம். குரல்தான் நமக்கு இதைப் பார், இப்படிப் பார் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தினால் கண் தானாக வேலை செய்ய ஆரம்பிக்கும். படத்தில் புல் முளைத்த ஒரு பெரிய மண்சரிவு. அது நடுவில் பொத்துக்கொண்டு உடையவில்லை. சரிவு மொத்தமும் ஒரே நேரத்தில் கூழாகிக் கீழே இறங்குகிறது. வருவது தண்ணீரும் இல்லை, சேறு. படத்தின் ஓரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கண்காணிப்பு கேமராவில் தேதியும் நேரமும் வழக்கமாக எழுதியிருக்கும் இடம் அது.

நீங்கள் தேக்கடியில் படகில் போனவர், முல்லைப்பெரியாறு எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1895இல் கட்டி முடித்த அணை. கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல்தூளும் சேர்த்து எழுப்பிய சுவர். சுற்றிலும் புலிகள் சரணாலயக் காடு. முக்கிய அணை புல் முளைத்த மண்மேடு இல்லை. இந்த வீடியோவின் ஒரு காட்சியை நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போட்டால் பிரேசிலுக்குப் போய் நிற்கிறது. 2019 ஜனவரி 25 அன்று மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் புருமாடின்யோ என்ற ஊரில் ஓர் இரும்புத்தாது சுரங்கத்தின் கழிவுச்சேற்றைத் தேக்கியிருந்த அணை உடைந்தது. சுமார் 270 பேர் செத்துப்போனார்கள். எங்கோ செத்தவர்களின் படத்தை எடுத்து, மேலே மலையாளத்தில் ஒரு குரலைப் பூசி, உங்கள் மலைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

போட்டோ இன்னும் சுலபம். அது பொய்ப் படமில்லை. 2011 டிசம்பரில், அணைப் பிரச்சினை கொதித்தபோது குமுளி எல்லையில் எடுத்தது. அன்று நிஜமாகவே வண்டிகள் மறிக்கப்பட்டன, தேனி மாவட்டத்திலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்கள் எல்லையை நோக்கி நடந்தார்கள், தடையுத்தரவு போட்டார்கள். உங்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். அந்தப் படத்துக்கு இன்றைய தேதியை ஒட்டியதுதான் பொய். இப்படிப்பட்டது ஜோடனைப் படத்தைவிட ஆபத்து. பார்க்கிறவனுக்கு இடம் தெரியும், கட்டடம் தெரியும், ஒருவேளை அதில் நிற்கிற ஆளைக்கூடத் தெரியும். எப்படி நம்பாமல் இருப்பான்?

இனி உங்கள் அக்கா மகனின் கட்சி. அவர் சொல்வதில் பாதி சரி, பாதி அவசரம்.

சரியான பாதியைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் குழுவில் நடந்ததற்கு அது ரொம்பக் கிட்டத்தில் வருகிறது. 2016 மே 21, அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரம். அங்கே ஓர் இஸ்லாமிய மையத்தின் வாசலில் ஒரே நேரத்தில் இரண்டு கூட்டம் கூடியது. ஒன்று, டெக்சஸ் இஸ்லாமியமயமாகிறது என்று கத்த வந்த கூட்டம். இன்னொன்று, இஸ்லாமிய அறிவைக் காப்போம் என்று எதிர்க்க வந்த கூட்டம். முதல் கூட்டத்தை அழைத்தது 'ஹார்ட் ஆஃப் டெக்சஸ்' என்ற ஃபேஸ்புக் பக்கம். இரண்டாவதை அழைத்தது 'யுனைடெட் முஸ்லிம்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற பக்கம். இரண்டு பக்கத்தையும் நடத்தியது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த 'இன்டர்நெட் ரிசர்ச் ஏஜென்சி' என்ற ஒரே நிறுவனம். அடுத்த வருஷம் நவம்பரில் அமெரிக்க செனட்டின் உளவுத்துறைக் குழு விசாரித்தபோது இது வெளியே வந்தது. இதற்கு விளம்பரச் செலவு சுமார் 200 டாலர் என்று அந்தக் குழுவின் தலைவரே சொன்னார். நம் பக்கத்து ஊர்த் திருவிழாவில் ஒரு நாள் ஸ்பீக்கர் செட்டுக்குக் கொடுக்கிற காசு.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்று. தெருவின் இரண்டு பக்கமும் நின்று கத்தியவர்கள் ரஷ்யர்கள் இல்லை. அந்த ஊர்க்காரர்கள்தான். அவர்களுடைய பயமும் கோபமும் நிஜம். அது முன்பே அங்கே இருந்தது. மரத்தில் வெடிப்பு இருந்தால்தான் ஆப்பு இறங்கும்.

அவசரமான பாதி, "தேர்தலையே மாத்தினவனுங்க" என்பது. அந்த நிறுவனத்தின் பதிவுகள் சுமார் 12 கோடியே 60 லட்சம் அமெரிக்கர்களின் கண்ணில் பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே மதிப்பிட்டது. கண்ணில் படுவது வேறு, அதைப் பார்த்து ஓட்டை மாற்றிப் போடுவது வேறு. முடிவை அதுதான் மாற்றியது என்று யாரும் நிரூபிக்கவில்லை. இந்த மாதிரி வேலை செய்கிற நாடுகளுக்கு, "இவர்களால் எதையும் மாற்ற முடியும்" என்று நாம் நம்புவதே பெரிய லாபம். காசு செலவில்லாமல் கிடைக்கிற விளம்பரம்.

நம் நாட்டையும் ரஷ்யாக்காரர்கள் விட்டுவைக்கவில்லை, அதுவும் இன்டர்நெட் வருவதற்கு முன்பிருந்தே. 1983 ஜூலையில் டெல்லியிலிருந்து வந்துகொண்டிருந்த 'பேட்ரியட்' என்ற ஆங்கில நாளிதழில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பெயர் கிடையாது, 'பிரபல அமெரிக்க விஞ்ஞானி' என்று மட்டும் போட்டிருந்தது. எய்ட்ஸ் கிருமியை அமெரிக்க ராணுவம் ஆய்வகத்தில் உருவாக்கியது என்பது விஷயம். ஆம், இது போன்ற ஒரு வாசகர் கடிதம்தான். அப்புறம் இரண்டு வருஷம் சத்தமில்லை. 1985இல் சோவியத் வார இதழ் ஒன்று, இந்தியப் பத்திரிகையிலேயே வந்திருக்கிறது பாருங்கள் என்று அந்தக் கடிதத்தைக் காட்டி மறுபடி எழுதியது. அங்கிருந்து நாடு நாடாக, மொழி மொழியாகப் பரவியது. 1992இல் ரஷ்யாவின் வெளிநாட்டு உளவுத்துறைத் தலைவராக இருந்த யெவ்கெனி பிரிமகோவ், அது தங்கள் ஆட்கள் செய்த வேலைதான் என்று ஒப்புக்கொண்டார். நாற்பது வருஷம் கழித்தும் அந்தக் கதையை நம்புகிற ஆட்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பத்திரிகையின் முகத்தை இரவல் வாங்கும் அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. 2022இல் பிரஸ்ஸல்ஸில் இயங்கும் ஈயூ டிஸ்இன்ஃபோலேப் என்ற ஆய்வு அமைப்பு, ஜெர்மனியின் 'ஷ்பீகல்', 'பில்ட்', பிரிட்டனின் 'கார்டியன்' போன்ற பத்திரிகைகளின் இணையதளங்களை அச்சு அசலாக நகல் எடுத்து, முகவரியின் கடைசிப் பகுதியை மட்டும் மாற்றி, உக்ரைனுக்கு எதிரான பொய்களை அதில் போட்டுக்கொண்டிருந்த ரஷ்ய ஆதரவு வலையைப் பிடித்தது. உங்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நம் டிவி சேனல்களின் லோகோவை அப்படியே ஒட்டி வருகிற போலி நியூஸ் கார்டு உங்கள் குழுவில் வாரத்துக்கு ஒன்றாவது விழுமே, அதே சரக்குதான். கார்டை நம்பாமல், அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்துக்குப் போய் அது இருக்கிறதா என்று பாருங்கள். அரை நிமிஷ வேலை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாம் எப்போதும் அடி வாங்குகிற பக்கம் மட்டும் இல்லை. அதே அமைப்பு 2020இல், இந்திய நலனுக்குச் சாதகமாகவும் பாகிஸ்தானுக்கு எதிராகவும் 15 வருஷமாக இயங்கிய ஒரு போலி ஊடக வலையை அம்பலப்படுத்தியது. 750க்கு மேற்பட்ட போலிச் செய்தித் தளங்கள், 119 நாடுகளில். செத்துப்போன ஒரு பேராசிரியரின் பெயரைக்கூட உயிரோடு இருப்பது போல் பயன்படுத்தியிருந்தார்கள். அரசாங்கம்தான் செய்தது என்று அந்த அறிக்கை சொல்லவில்லை, டெல்லியைச் சேர்ந்த ஒரு தனியார் குழுமத்தைக் காட்டியது. நம் பக்கத்தில் நடந்தால் ராஜதந்திரம், எதிர்ப்பக்கத்தில் நடந்தால் சதி என்று பேசுவது எனக்குச் சரிப்படுவதில்லை.

சரி, குமுளிக்கு வந்தது யார் வேலை? உங்கள் வீடியோவையும் போட்டோவையும் வைத்துக்கொண்டு எந்த நாடு என்று ஒருவர் சொன்னால், அவரை நம்பாதீர்கள். அதைக் கண்டுபிடிக்க, கணக்குகள் எந்த நேரத்தில் பதிவு போடுகின்றன, விளம்பரத்துக்கு யார் காசு கட்டினார்கள், தளம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதையெல்லாம் மாதக்கணக்கில் தோண்ட வேண்டும். வாட்ஸ்அப்பில் வருகிற ஃபார்வர்டில் அந்தத் தடயம் எதுவும் மிஞ்சாது. ஃபேஸ்புக் பக்கமாக இருந்தால், அதை நடத்துகிறவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று பக்கத்தின் விவரத்தில் காட்டும். அது ஒரு நூல் நுனி, அவ்வளவே.

அனுபவத்தில் சொல்வதென்றால், இப்படி வருவதில் பெரும்பாலானவை உள்ளூர்ச் சரக்கு. காசுக்காகவும் செய்வார்கள். 2016இல் வடக்கு மாசிடோனியாவில் வெலெஸ் என்ற சின்ன ஊரில் இளவட்டப் பையன்கள் நூற்றுக்கும் மேல் அமெரிக்க அரசியல் தளங்களை நடத்தினார்கள். டிரம்ப் ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன, கிளிக்குக்கு விளம்பரக் காசு வரும். இங்கே யூடியூப் சேனல்களும் அப்படித்தான். "முல்லைப்பெரியாறு" என்று தலைப்பு வைத்தால் எல்லைக்கு இரண்டு பக்கமும் பார்ப்பார்கள். அரசியலுக்காகவும் செய்வார்கள். 2016லும் 2021லும் கேரளமும் தமிழ்நாடும் ஒரே நாளில் ஓட்டுப் போட்டன. இரண்டு பக்கமும் மேடை போட்டிருக்கும் நேரத்தில் அணையைவிடக் கைக்கு அடக்கமான விஷயம் வேறென்ன இருக்கிறது? 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வேறெங்கோ எடுத்த வீடியோக்கள் இந்தியில் சுற்றியது நினைவிருக்கும். திருப்பூரிலிருந்து ஆட்கள் ரயில் ஏறினார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே இங்கே அனுப்பிப் பார்த்தது. வெளிநாடு தேவைப்படவில்லை.

ஆகவே "அந்நியக் கை" என்று சீக்கிரம் சொல்லிவிடுவதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. சொன்னதும் மனசு லேசாகிவிடும். நம்மூர்க்காரன் செய்தான், நாமே பரப்பினோம் என்ற சங்கடம் போய்விடும். அதைவிட மோசம், ஆட்சியில் இருக்கிறவர்களுக்கு அது கைவாளாகிவிடும். பிடிக்காத கேள்வி கேட்டால் வெளிநாட்டுச் சதி என்று வாயை அடைக்கலாம். அணையின் வயதைப் பற்றி, நிலநடுக்கத்தைப் பற்றி, புது அணை வேண்டும் என்று கேரளத்தில் ஒருவர் பேசினால் அது பொய்ச்செய்தி இல்லை, வாதம். அணை பலமாக இருக்கிறது, ஐந்து மாவட்டம் அந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறது என்று தமிழ்நாடு சொல்வதும் வாதம். உச்சநீதிமன்றம் 2014 மே 7இல் இரண்டு பக்கத்தையும் கேட்டுத்தான் 142 அடி வரை தேக்கலாம் என்றது. அதை உங்கள் குழுவில் யாராவது திட்டினால் திட்டட்டும். தீர்ப்பைத் திட்டுகிற உரிமை ஜனநாயகத்தில் இருக்கிறது. பிரேசில் வீடியோவை முல்லைப்பெரியாறு என்று சொல்கிற உரிமை இல்லை. இந்தக் கோட்டை மட்டும் அழியாமல் வைத்துக்கொள்ளுங்கள், அட்மின் வேலையில் முக்கால்வாசி முடிந்தது.

யார் அந்தக் கோட்டைப் போடுவது என்பதுதான் எல்லா ஜனநாயக நாட்டிலும் இப்போது தலைவலி. ருமேனியாவில் 2024 நவம்பர் 24 அன்று அதிபர் தேர்தலின் முதல் சுற்று நடந்தது. கருத்துக்கணிப்புகளில் பின்னால் கிடந்த ஒருவர் டிக்டாக் அலையில் முதலிடத்துக்கு வந்தார். அந்த அலை தானாக எழுந்ததில்லை, வெளியிலிருந்து தூண்டப்பட்டது என்று உளவு அறிக்கைகள் வந்ததும், டிசம்பர் 6இல் அந்த நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. அடுத்த மே மாதம் மறுதேர்தல் நடந்து வேறொருவர் ஜெயித்தார். நியாயமாகவே ஓட்டுப் போட்ட லட்சக்கணக்கான ஆட்களுக்கு அந்த ரத்து எப்படி இருந்திருக்கும்? வெளிநாட்டுக்காரன் உண்டாக்க நினைத்த அவநம்பிக்கையை நீதிமன்றமே உண்டாக்கிவிட்டது என்று அங்கே பலர் சொன்னார்கள். அந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது. நம் மத்திய அரசும் தன்னைப் பற்றிய செய்தியில் எது பொய் என்று தானே முடிவு செய்ய ஒரு சரிபார்ப்புப் பிரிவு வைக்க விதி கொண்டுவந்தது. 2024 செப்டம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் அதை அடித்துவிட்டது. கேரளம் 2020 நவம்பரில் அவதூறான பதிவுக்குச் சிறை என்று போலீஸ் சட்டத்தில் 118ஏ பிரிவைச் சேர்க்க ஒரு அவசரச் சட்டம் கொண்டுவந்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே பின்வாங்கியது. எனக்கு இவை இரண்டும் நிம்மதி தந்த செய்திகள். வழக்கில் ஒரு கட்சியாக இருப்பவரே நீதிபதி நாற்காலியில் உட்காரக் கூடாது.

உங்கள் விஷயத்தில் இது இன்னும் சிக்கல். அணை நிற்பது கேரள மண்ணில், நடத்துவது தமிழ்நாடு. இரண்டு அரசும் வழக்காடுகிறவர்கள். தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம் ஒன்று சொன்னால் அச்சாயன் நம்ப மாட்டார். கேரள அரசு சொன்னால் உங்கள் கம்பம் ஜீப் டிரைவர் நம்ப மாட்டார். இரண்டு பக்கமும் மறுக்காத ஒரு விஷயம் இருக்கிறது: நீர்மட்டம். அன்றைக்கு எத்தனை அடி, வினாடிக்கு எத்தனை கன அடி வருகிறது, எத்தனை போகிறது. மழைக்காலத்தில் தினமும் வருகிறது, இரண்டு மொழிப் பத்திரிகையிலும் ஒரே எண்தான். வீடியோ வந்த அன்று காலை அந்த எண் என்ன என்று குழுவில் யாராவது போட்டிருந்தாலே பாதி புரளி படுத்திருக்கும். தினம் காலையில் அதை நீங்களே போடுங்கள். வருஷம் முழுக்க வேண்டாம், மழை பிடித்துக்கொள்ளும் மாதங்களில் போதும்.

குழுவைக் கலைக்காதீர்கள். கலைத்தால் தமிழ் ஆட்கள் ஒரு குழு, மலையாள ஆட்கள் ஒரு குழு என்று அன்றைக்கே பிரிந்துவிடும். அப்புறம் அங்கே வருகிற பொய்யை மறுக்க எதிர்ப்பக்கத்து ஆள் ஒருவர்கூட இருக்க மாட்டார். ஹூஸ்டனில் இரண்டு கூட்டமும் தனித்தனிப் பக்கங்களில் இருந்ததால்தான் ஒருவருக்கொருவர் விசாரிக்க வழியில்லாமல் போனது. உங்களுக்கு அந்த வழி கையில் இருக்கிறது. கலவரச் செய்தி வரும் ராத்திரியில் மட்டும், அட்மின் மட்டும் பதிவிடலாம் என்ற செட்டிங்கைப் போட்டு, விடிந்ததும் திறந்துவிடுங்கள். இரட்டை அம்புக்குறி போட்டு 'பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது' என்று வருவதை, விசாரித்த பிறகுதான் குழுவில் விடுவது என்று ஒரு விதி வையுங்கள். அந்தக் குறி இருந்தாலே பொய் என்று அர்த்தமில்லை. உங்கள் குழுவுக்காக எழுதியதில்லை, பல கை மாறி வந்திருக்கிறது என்று அர்த்தம். பொய் என்று உறுதியானதை, அட்மின் என்ற முறையில் எல்லோருக்குமாக நீக்கவும் உங்களால் முடியும்.

மறுப்பு போடும்போது அந்த வீடியோவை மறுபடி ஒட்டாதீர்கள். எழுத்தைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்புகிற ஆட்கள் இருக்கிறார்கள். பரப்பினவரைக் குழுவில் வைத்துத் திட்டாதீர்கள், தனியாகக் கூப்பிட்டு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அவமானப்பட்ட ஆள் பொய்யை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். மறுப்பு இந்த அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும்: "நேற்று வந்த அணை வீடியோ 2019இல் பிரேசிலில் எடுத்தது. முல்லைப்பெரியாறு நீர்மட்டம் இன்று காலை இத்தனை அடி. குமுளி ரோடு திறந்திருக்கிறது, நான் கடையில்தான் இருக்கிறேன்." அந்தக் கடைசி வாக்கியம்தான் ஆட்களை நம்ப வைக்கும். அதை நீங்கள் தமிழில் குரல் பதிவாகப் போடுங்கள். மலையாளத்தில் போட அச்சாயனைக் கேளுங்கள்.

அவரிடம் போவது கஷ்டம்தான். ஆனால் அவர் உங்கள் மேல் கோபத்தில் இருக்கிறார் என்று ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்? அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறு, உப்புத்தறை என்று ஆற்றங்கரையில் அவருக்கு ஆட்கள் இருந்தால், அந்த ராத்திரி அவர் தூங்கியிருக்க மாட்டார். 2018 வெள்ளத்திலும் அணை உடைந்துவிட்டது என்று ஒரு குரல் பதிவு கேரளம் முழுக்கச் சுற்றி, போலீஸ் மறுக்க வேண்டியதாயிற்று. அவர்களுக்கு அந்தப் பயம் பழையது. "அன்று ராத்திரி உங்களுக்கும் அது வந்ததா?" என்று ஆரம்பியுங்கள். அணை யாருடையது என்ற பேச்சை எடுக்காதீர்கள். இருபது வருஷமாக எடுக்காமல்தானே பக்கத்துப் பக்கத்தில் இருந்தீர்கள்.

ஜீப் ஸ்டாண்டையும் மறக்க வேண்டாம். காய் எடுக்க வருகிற பெண்களில் பலர் உங்கள் குழுவில் இல்லை. அவர்களுக்குச் செய்தி போனது வாய் வழியாக. மறுப்பும் வாய் வழியாகப் போனால்தான் உண்டு. கம்பத்தில் காலையில் முதல் ஜீப் எடுக்கிற டிரைவர் ஒருவர் உங்களோடு போனில் பேசிவிட்டு வண்டியைக் கிளப்பினால், குழுவில் பத்துப் பதிவு போடுவதைவிட அது மேல்.

இனி வீடியோவைவிடக் குரல் பதிவுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். 2023 செப்டம்பரில் ஸ்லோவாக்கியாவில் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால், ஒரு கட்சியின் தலைவரும் ஒரு பத்திரிகையாளரும் ஓட்டை விலைக்கு வாங்குவது பற்றிப் பேசுவது போல் ஒரு பதிவு வந்தது. செயற்கை நுண்ணறிவில் செய்தது என்று சரிபார்ப்பவர்கள் சொன்னார்கள். ஆனால் அது பிரச்சார ஓய்வு நேரம், கட்சிக்காரர்களும் ஊடகமும் பேசக் கட்டுப்பாடு இருந்தது. குரலை லென்ஸில் போட்டுத் தேட முடியாது. கலெக்டர் பேசுகிறார், பொறியாளர் பேசுகிறார் என்று வந்தால் ஒரே சோதனைதான்: அதே செய்தி எழுத்தில், அவர்கள் அலுவலகப் பக்கத்தில் இருக்கிறதா? நிஜ எச்சரிக்கை ஒருபோதும் ஒரு ஆளின் குரல் பதிவாக மட்டும் வராது. 2021 அக்டோபர் 29இல் முல்லைப்பெரியாறு ஷட்டர்களைத் திறந்தபோது முன்கூட்டியே அறிவித்து, ஆற்றங்கரை மக்களை முகாமுக்கு மாற்றிவிட்டுத்தான் திறந்தார்கள். சந்தேகம் வந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான். செல்போனிலிருந்து கூப்பிட்டால் முன்னால் அந்தந்த மாவட்டத்தின் எஸ்டிடி கோடு போட வேண்டும். இடுக்கிக்கும் தேனிக்கும் கோடு வேறு வேறு, இரண்டையும் எழுதிக் கல்லாப்பெட்டிப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

அடுத்த முறை எனக்கு எதையாவது அனுப்பும்போது ஃபார்வர்ட் செய்ய வேண்டாம். கோப்பைச் சேமித்து 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்புங்கள், மறுபடி மறுபடி சுருங்கி மங்காமல் இருக்கும். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு உங்களுக்கு வந்தது என்று எழுதுங்கள். யார் அனுப்பியது என்பது எனக்கு வேண்டாம்.